சாக்குக்குள் பிஸ்கட்

விக்கிரவாண்டி டோல்கேட்டில் மாட்டிக்கொண்டோம். முன்னால் மணல் லாரி, பின்னால் ஆம்னி பஸ், இரண்டு பக்கமும் கார்கள். கதவைத் திறக்கக்கூட இடமில்லை.

பின் சீட்டில் கலைப்பிரியா. அவள் காலடியில், வாய் கட்டிய கோணிச் சாக்குக்குள் பிஸ்கட்.

பிஸ்கட் எங்கள் வீட்டு நாய்க்குட்டி. டோல்கேட்டைத் தாண்டியதும் ஏதாவது ஓட்டல் ஓரமாக அதை இறக்கிவிடப் போகிறார், காரை ஓட்டும் என் வீட்டுக்காரர் வேங்கடேசன். இந்த லாரிகளுக்கு நடுவில் அது ஒரு நாள்கூடத் தாங்காது.

அழுது தொலைத்தாலாவது தேவலை. சாக்குக்குள் அது சத்தமே போடாமல் கிடந்தது.

எனக்கு ஆறாம் மாதம், ஸ்கேனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. போன வாரம் விழுப்புரத்தில் ஸ்கேன் பார்த்தபோது, குழந்தையின் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். நேற்று ரிப்போர்ட் வந்தது. பார்வோ வைரஸ்.

போன மாதம் பிஸ்கட் ரத்தமாகக் கழிந்தபோது திண்டிவனம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் எழுதியதும் அதே பார்வோதான். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தவள் நான். துடைத்துக் கழுவியவளும் நானேதான்.

இவர் இரண்டு டாக்டர் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். கோணியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மயிலம் பஸ் ஸ்டாப்பில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுத் தூக்கி வந்ததும் இதே மனுஷன்தான். காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சாக்கின் வாயைக் கட்டினார். கெட்டவர் என்று திட்டித் தீர்க்கவும் வழியில்லை, அதுதான் பேஜாரு.

கலையின் கை என் தோளில் இருந்தது. திண்டிவனத்தில் ஏறியதிலிருந்து அவள் அதை எடுக்கவே இல்லை.

"நீ சொன்னா சித்தப்பா கேப்பாரு சித்தி," என்று என் காதுக்குள் சொன்னாள். ஏழு வயது.

கலை இவருடைய அண்ணன் மகள். அண்ணனும் அண்ணியும் போன வருஷம் இதே ரோட்டில் விபத்தில் போய்விட்டார்கள். அவள் வந்த நேரம் சரியில்லை என்று இவர் வாயிலிருந்தே ஒரு நாள் வந்துவிட்டது. அவளைச் சேர்க்க விழுப்புரத்து ஹாஸ்டல் ஃபாரம் ஒன்று மூன்று மாதமாக டேஷ்போர்டில் கிடக்கிறது. சண்டை போட்டுச் சண்டை போட்டு, அதில் கையெழுத்து விழாமல் வைத்திருக்கிறேன்.

போன் அடித்தது. விழுப்புரம் டாக்டரம்மா. பிஸ்கட்டைப் பற்றி விடிந்ததுமே அவருக்கு மெசேஜ் போட்டிருந்தேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நாய்க்கு வர்றது மனுஷங்களுக்கு ஒட்டாதும்மா. பூனையோட வைரஸ் கொஞ்சம் மாறி நாய்க்குப் போச்சு, அது வேற பார்வோ. உங்களுக்கு வந்தது மனுஷங்ககிட்ட இருந்துதான் வரும்."

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, பிஸ்கட் பிழைத்தது! இவர் தோளைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டேன்.

டாக்டர் இன்னும் முடிக்கவில்லை. வாராவாரம் ஸ்கேன் பார்ப்போம், நிறையக் குழந்தைகள் தானாகவே தேறிவிடும், பயப்படாதீர்கள் என்றார். பிறகு கேட்டார்.

"வீட்ல சின்னப் பசங்க யாருக்காவது போன மாசம் காய்ச்சல் வந்து, கன்னம் ரெண்டும் அறைஞ்ச மாதிரி செவந்துச்சா?"

தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"யாருடி என் தங்கத்த அறைஞ்சது?" என்று கேட்டுக் கேட்டுக் கலையின் கன்னத்தில் முத்தம் கொடுத்தவள் நான். அதற்கு முந்தின வாரம், மூக்கு ஒழுக ஒழுக அவள் கடித்துக் கொடுத்த கொய்யாவில் பாதியைத் தின்றவளும் நான். வெயில் கொப்புளம் என்று நினைத்துக் கலாமைன் பாட்டில் வாங்கி வந்து தடவிவிட்டவர் இவர்.

"தெரியலீங்க டாக்டர்," என்று சொல்லிப் போனை வைத்தேன். வயிற்றுக்குள் குழந்தை ஒரு தரம் அசைந்தது.

நாய் இல்லை என்றால் யார் என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் கிடையாது. அந்தக் கலாமைன் பாட்டில் ஞாபகத்துக்கு வர எத்தனை நிமிஷம் ஆகும்? பேனா சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஹாஸ்டலும் ஸ்கேன் சென்டர் இருக்கும் தெருவிலேயே இருக்கிறது.

டாக்டர் வாயால் இவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயமில்லை. ஆஸ்பத்திரி வாசனைக்கே இவருக்குத் தலை சுற்றும், வாசலோடு நின்றுவிடுவார். உள்ளே நான் மட்டும்தான் போவேன்.

மணல் லாரி நகர்ந்தது. எங்கள் முறை வந்து, தடுப்புக் கட்டை மேலே போனது.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க அம்சா? ஜல்தி சொல்லு, நான் உசுர கையில புடிச்சிக்கினு கீறேன்."

சாக்கு லேசாக அசைந்தது. தோளில் இருந்த விரல்கள் என்னை இறுக்கிப் பிடித்தன.

"நீங்க சொன்னதுதாங்க," என்றேன். "நாயாலதானாம்."

என் தோளிலிருந்து அந்தக் கை விலகியது.