விளிம்பில் வைத்த நீலக்கட்டி

ஜன்னல் வெயில் பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியில் பாதியை நனைத்திருக்கிறது. பெரியவர் குச்சியோடு குனிகிறார். பந்து எதிர்விளிம்பில் முட்டித் திரும்பிக் குழியில் விழவேண்டும். முட்டவேண்டிய இடத்துக்கு அடையாளமாக, குச்சிமுனையில் தேய்க்கும் நீலக்கட்டியை விளிம்பில் வைத்திருக்கிறார். ஆட்டத்தில் அது தப்பு. இதே தப்புக்காக எத்தனையோ பேரைக் கண்டித்தவர் அவர். எதிரே ஆடும் சம்பந்தி நடந்துவந்து, கட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்கிறார். "மறதியா வெச்சுட்டீங்க போல, சம்பந்தி." குரலில் கேலி துளியும் இல்லை, அதுதான் சுடுகிறது. "ஆமாங்க, வயசாகுதில்ல" என்கிறார் பெரியவர். சுவரோரம் நிற்கும் மகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. "எங்கப்பாவுக்கா மறதி? காரணமில்லாம ஒரு குண்டூசியக்கூட இடம் மாத்தி வைக்க மாட்டாரு, மாமா!" சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.