ஒரே கதவு

மூடிய கதவு ஒன்றை மட்டும் காட்டி, தியேட்டரையே மூச்சடக்கி உட்கார வைத்தவர் இயக்குநர் தேவசகாயம். அன்று அவருடைய ஒரே மகள் கிறிஸ்டிக்கு இதய ஆபரேஷன். வெளியே பெஞ்சில் அவரும் செண்பகவல்லி என்ற பெண்ணும் காத்திருந்தார்கள். அவளுடைய கணவனுக்குப் பக்கத்து அறையில் ஆபரேஷன். இரண்டு அறைகளுக்கும் வெளியே வர ஒரே கதவுதான்.

“உங்க படத்துல கதவு திறக்கிறப்பல்லாம் நான் கண்ண மூடிக்குவேன் சார். இவருதான் ‘முடிஞ்சிருச்சு, பாரு’ன்னு சொல்லுவாரு,” என்றாள் அவள்.

“அதெல்லாம் சும்மா விளையாட்டும்மா,” என்றார் தேவசகாயம்.

கதவு திறந்தது. டாக்டர் தலையைக் குனிந்தபடி மெதுவாக வந்தார். அந்த நடையை எத்தனையோ நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தேவசகாயம். கெட்ட செய்தி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பக்கம் போ, அவளிடம் போ என்று அவர் மனம் கெஞ்சியது.

டாக்டர் அவளிடம்தான் போனார்.

அவள் கத்தவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தேவசகாயம் அவள் அருகில் போய் நின்றார். அவருடைய கண்ணீரைப் பார்த்து அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழாதீங்க சார். உங்க பொண்ணு நல்லபடியா வந்துரும்.”

அவரால் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை, பற்றிக்கொள்ளவும் முடியவில்லை.