எட்டாவது கிணறு

யுத்த காலம். நெல் விளைவிக்கப் புதுக் கிணறு வெட்டினால் பாதிச் செலவு சர்க்கார் மானியம். ஆடிச் சாரலில் தென்காசிப் பக்கம் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், தண்ணீர் ததும்பிய ஏழு கிணறுகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எட்டாவது, பேராச்சியின் கிணறு. அடியில் வெறும் பாறை. பக்கத்தில் மாடுகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன.

"ஊரே நனைஞ்சு கிடக்கு. உன் கிணத்துல சொட்டு இல்லையே. இதுக்கு மானியம் கிடையாதும்மா."

"செத்த இருங்கய்யா."

"குத்தாலத்துல குளிக்கப் போகணும்."

"நகையெல்லாம் வித்து வெட்டுன கெணறுய்யா. ஒரு வெத்தல போடுத நேரம் இருங்க."

வேண்டாவெறுப்பாக வெற்றிலையை மடித்தார். மென்று முடிப்பதற்குள் மூன்று இடுக்குகளிலிருந்து தண்ணீர் கொப்பளித்து, பாறை மூழ்கிவிட்டது.

"விடியமுன்ன மாட்டக் கமலையில பூட்டி, இப்பதான்யா எறைச்சு முடிச்சோம். சாரல் நாள்ல வெறுங்குழியிலயும் தண்ணி நிக்கும். ஊத்து இருக்கத நீங்க கண்ணால பாக்கணும்லா?"

இன்ஸ்பெக்டர் அவள் மனுவில் கையெழுத்துப் போட்டார். பிறகு கூட வந்திருந்த ஊர்த் தலையாரியிடம் திரும்பினார்.

"குளியல் இருக்கட்டும். அந்த ஏழு கிணத்தையும் இறைச்சிட்டு என்னைக் கூப்பிடச் சொல்லு."