ஏரிக்குள்ளே நானூறு வளை

சித்திரையில் ஏரி காய்ந்து கிடந்தது. அதற்குள் நானூறு வளை கட்ட எலி மனுப் போட்டது. ஏரி மன்றத் தலைவரான கொக்கு, வழக்கப்படி ஏரி நடுவில் நின்று மூன்று முறை கேட்டது: "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"



மன்ற உறுப்பினரான ஆமை குறுக்கிட்டது. "தலைவரே, இங்க குடியிருக்கிற தவளைங்க மண்ணுக்கடியில தூங்குதுங்க. மழை வந்தாத்தான் எழுந்திரிக்கும். அப்பக் கேளுங்க."

"தூங்குறவனுக்காக மன்றம் காத்துக்கிட்டிருக்குமாய்யா?" என்று கொக்கு அனுமதி கொடுத்துவிட்டது. எலிகள் குடும்பத்தோடு குடியேறின.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. தவளைகள் விழித்துக் கத்தின. எலிக் குஞ்சுகளை முதுகில் ஏற்றி ஆமை கரை சேர்த்தது. பின்னாலேயே நனைந்துகொண்டு எலி வந்தது.

"தலைவரே, இந்தத் தண்ணிக்கு எங்க ஆட்சேபணையை எழுதிக்குங்க."

கொக்கு மீனை விழுங்கிவிட்டுச் சொன்னது: "மூணு தடவை கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கணும்."