அடியில் கிடந்த ஐந்து ரூபாய்

பிறீசரின் மூடியைத் திறந்த றஞ்சிதம் போட்ட சத்தத்தில், இரத்தினசிங்கம் பேப்பரை எறிந்துவிட்டுக் குசினிக்கு ஓடினார்.

"இஞ்ச பாருங்கோ! ஆரோ செய்வினை வச்சிருக்கினம்!"

அவள் கையில் ஒரு பிளாஸ்ரிக் கப். கப் நிறைய ஐஸ். ஐஸுக்கு அடியில், கப்போடு ஒட்டினபடி ஓர் ஐந்து ரூபாய் நாணயக் குத்தி.

அன்று பின்னேரம் பேத்தியின் முதலாவது பிறந்தநாள். வெள்ளவத்தையில் இருக்கும் அந்தச் சின்ன அடுக்குமாடி பிளட்டுக்கு முப்பது பேர் வரப்போகிறார்கள். ஆட்டிறைச்சி, இறால், கணவாய் எல்லாவற்றையும் போன கிழமையே வாங்கி இந்தப் பிறீசருக்குள்தான் அடைத்து வைத்திருந்தாள்.

"இறால் பைக்கற்றுகளும் ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போய்க் கிடக்கு. சும்மா ஒட்டுமே?"

"உதைத் தூக்கி எறிஞ்சிட்டு வேலையைப் பாருமப்பா. நல்ல நாளும் அதுவுமாய் என்னத்துக்குப் பிரச்சினை?" என்றார் இரத்தினசிங்கம். சோலி சுரட்டுக்குப் போகாத மனிசன் என்று அந்த பிளட்ஸ் முழுக்க அவருக்கு நல்ல பெயர்.

றஞ்சிதம் விடுவாளா? யோசித்து யோசித்து ஆளைப் பிடித்துவிட்டாள். முன்வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ்!

வெள்ளிக்கிழமை இரவு இவர்கள் யாழ்ப்பாணத்துக் கலியாணவீட்டுக்கு பஸ் எடுக்க அவசரப்பட்டுக்கொண்டிருந்த நேரம் கொன்ஸ்ரன்ஸ் வந்தாள். "அக்கா, பிறீசருக்குள்ள ஒரு சாமான் வைக்கிறன்" என்றாள். சீலை மடித்துக்கொண்டிருந்த றஞ்சிதமும் "வையும்" என்றுவிட்டாள்.

"அவவின்ர மகள் கலியாணம் முடிச்சு ஒன்பது வருசம். இன்னும் ஒண்டும் இல்ல. எங்கட பிள்ளையைத் தூக்கேக்குள்ள அவவின்ர பார்வையைப் பாத்தனீங்களே?"

"சும்மா விசர்க்கதை கதையாதையும்."

அவர் சொல்லி முடிக்க முதலே றஞ்சிதம் முன்வீட்டு மணியை அடித்துவிட்டாள்.

ஈரக் கையைத் துடைத்தபடி வந்த கொன்ஸ்ரன்ஸுக்கு, கப்பைக் கண்டதும் முகம் மாறிப்போனது. அது போதாதா றஞ்சிதத்துக்கு!

"வச்சது நீர்தானே?"

"ஓம் அக்கா. ஆனா நான் ஐஸுக்கு மேலயெல்லே குத்தியை வச்சனான்! இது அடியில கிடக்கு."

"மேல வச்சா என்ன, அடியில வச்சா என்ன? என்னத்துக்கு வச்சனீர்?"

"பிறீசர் நிண்டு ஐஸ் உருகினா குத்தி கீழ போயிடும். பிறகு திரும்ப உறைஞ்சாலும் அது கீழதான் கிடக்கும். சாமான் பழுதாப்போச்சு எண்டு எங்களுக்குத் தெரியும். கரண்ட் வெட்டின காலத்தில, உருகி உறைஞ்ச மீனைத் தெரியாமல் சமைச்சுப்போட்டன். என்ர மனிசன் களுபோவில ஆஸ்பத்திரியில ஒரு கிழமை கிடந்தவர். அண்டையில இருந்து ஊருக்குப் போனா குத்தி வைக்காமல் போறதில்ல. நீங்களும் போறீங்கள் எண்டுதான் வச்சனான். விளங்கப்படுத்த நேரம் இருக்கேல்ல."

"சரி, கரண்ட் எப்ப போனது? நாங்கள் ஊரில நிண்ட மூண்டு நாளும் ரீவிக்கு முன்னால இருந்தனான் எண்டு நீரே சொன்னனீரெல்லே!"

கொன்ஸ்ரன்ஸ் குனிந்து கப்பின் அடியை உற்றுப் பார்த்தாள்.

"அதுதான் அக்கா எனக்கும் விளங்கேல்ல."

"எனக்கு நல்லா விளங்குது. இனி எங்கட வாசலை மிதிக்காதையும். பிறந்தநாளுக்கும் வரவேண்டாம்."

கொன்ஸ்ரன்ஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவம், கதவைச் சாத்தப்போனவள் திரும்பி நின்றாள்.

"நான் வரேல்ல அக்கா. சூனியக்காரி எண்டே வச்சுக்கொள்ளுங்கோ. அந்த இறைச்சியை மட்டும் சமைக்காதீங்கோ. சின்னப் பிள்ளையள் சாப்பிடப்போகுதுகள்."

வீட்டுக்குள் திரும்பி வந்ததும் றஞ்சிதம் கப்பைக் குப்பைக்குள் வீசினாள். கற்பூரம் கொளுத்திப் பிறீசருக்கு மூன்று தரம் காட்டினாள். பிறகு இறைச்சிப் பார்சலை எடுத்துக்கொண்டு தண்ணிப் பைப்படிக்குப் போனாள்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட இரத்தினசிங்கம் குசினிக்கு வந்தார்.

"றஞ்சி, சாப்பாட்டைக் கடையில எடுப்பமே?"

"ஏன்? நீங்களும் அவவின்ர கதையை நம்பிப்போட்டீங்களோ?"

அவர் கிட்ட வந்து அவள் கையில் இருந்த பார்சலை வாங்கினார். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆளில்லாத வீட்டில பிளக் சூடாகி நெருப்புப் பிடிச்சிடும் எண்டு, வெள்ளிக்கிழமை பிறீசரை நிப்பாட்டினது நான்தான். திங்கக்கிழமை விடிய வந்து, நீர் காண முதல் அடியில நிண்ட தண்ணியைத் துடைச்சுப்போட்டுத் திரும்ப சுவிச்சைப் போட்டதும் நான்தான்."