நோன்பு திறக்கும் இயந்திரம்

"பார்த்தீங்களா, இப்பவும் போன்லதான் கிடக்கறா!"

தைமூர் கண்ணாடிச் சுவரின் அந்தப் பக்கம் விரலை நீட்டினான். அங்கே ரெஹாம் தலை நிமிராமல் கைப்பேசியில் எதையோ தட்டி, தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

துபாயிலிருந்து வந்திருந்த முதலீட்டாளர் ஜாசிம் எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு என்ன வேலை?"

"வாடிக்கையாளர் புகாரைக் கவனிக்கணும். புகார் வந்தாத்தானே? எல்லாத்தையும் ஹயாத்தே முடிச்சுடறா."

ஹயாத் தானாகவே பதில் எழுதும் ஒரு செயலி. குழாய் ஒழுகுகிறது, மின்விசிறி நின்றுவிட்டது என்று மாஅதி வட்டாரத்தில் யார் எழுதினாலும் ஆளை அனுப்பிவைக்கும். நாலு வார்த்தை ஆறுதலும் சொல்லும். அதில் தைமூரின் கைவண்ணம் அதற்கு வைத்த பெயர் மட்டும்தான். அதைக் கட்டிய கூட்டாளி ஹானி, குளிர்காலத்தில் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதனால் தைமூருக்கு என்ன நஷ்டம்? அப்பா கொடுத்த மாடியில் உட்கார்ந்துகொண்டு, சுயமாக முன்னேறுவது எப்படி என்று மேடை மேடையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

ஹானி போன சில நாளில் ரெஹாம் இவன் அறைக்கு வந்தாள். "பாஷ்முஹந்திஸ், ஒரு விஷயம்..." பொறியாளர் ஐயா என்று அர்த்தம். இவனுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது.

"பிரச்சினையா? என்கிட்ட பிரச்சினையக் கொண்டு வராதே. தீர்வைக் கொண்டு வா!"

அடுத்த கூட்டத்தில் அதையே பாடமாகச் சொன்னான். கைதட்டல் வேறு.

"ஹயாத்தோட அருமை ரமலான்லதான் தெரியுது" என்று ஜாசிமிடம் அளந்தான். "பொழுது சாஞ்சு மக்ரிப் பாங்கு சொன்னதும் கப்சிப்! கொஞ்ச நேரம் பதிலே வராது. அப்புறம், 'நோன்பு திறந்தாச்சா கண்ணு? இப்பச் சொல்லு, உன் குழாய்க்கு என்ன கேடு?'ன்னு கேக்கறா. ஜனங்க உருகிப்போறாங்க!"

"இயந்திரம் நோன்பு திறக்குதா? யாரு சொல்லிக்கொடுத்தது?"

"தானாக் கத்துக்கிச்சு!"

ஜாசிம் வியப்போடு தலையசைத்தார். "அப்போ அந்தப் பொண்ணு எதுக்கு, தண்டச் சம்பளமா?"

தைமூருக்கு மேடை கிடைத்துவிட்டது. "என் முதல் பாடமே அதான். வேண்டாத ஆளை யோசிக்காம அனுப்பிடணும். இப்பவே காட்டறேன். ரெஹாம்! இங்க வா."

அவள் வந்து நின்றாள்.

"உன் வேலைய ஹயாத்தே பார்த்துக்கறா. நீ கிளம்பலாம்."

"இன்னிக்கேவா?"

"இந்த நிமிஷமே."

இம்பாபா சந்தில் அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். தம்பிகள் இருவரும் அவள் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் தைமூரின் எந்தப் பாடத்திலும் வராது.

"பாஷ்முஹந்திஸ், போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்..."

"பிரச்சினையா, தீர்வா?"

ரெஹாம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. நல்லா இருங்க" என்று சொல்லி, கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"இப்படித்தான் முடிவெடுக்கணும்" என்றான் தைமூர்.

"சபாஷ்! நானும் ஹயாத்தோட கொஞ்சம் பேசிப் பார்க்கிறேனே" என்று ஜாசிம் தன் கைப்பேசியை எடுத்தார். 'என் வீட்டு ஏ.சி. ஓடவில்லை' என்று எழுதி அனுப்பினார்.

பதில் இல்லை.

தைமூர் சிரித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "மக்ரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கே..."

ஜாசிம் மறுபடி அனுப்பினார்.

வாசலருகே 'டிங்' என்றது.

இன்னொரு முறை அனுப்பினார். இன்னொரு 'டிங்'. ஜாசிம் மெல்லத் தலையைத் திருப்பினார்.

ரெஹாம் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். படித்தாள். அணைத்துத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஹயாத்தை இப்பத்தானே வேலைய விட்டு அனுப்புனீங்க, பாஷ்முஹந்திஸ்?"