உள்ளது உள்ளபடி

“ஒரு மாசமா இந்த ஹெட்போன் மந்தமா இருக்கு தம்பி. கூட்டாம குறைக்காம, பாட்டு உள்ளது உள்ளபடி கேக்கணும்” என்றார், முப்பது வருடமாக ஸ்டூடியோவில் பாட்டு மிக்ஸிங் செய்பவர். பின்னால் மனைவி அவர் பையைப் பிடித்தபடி நின்றாள்.

கடைக்காரன் அவருடைய லேப்டாப்பில், ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்தான். கீச்சு ஒலிகளுக்கான கோடுகள் எல்லாம் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றன.

“எந்தப் புண்ணியவான் சார் இப்படி ஏத்தி வச்சது? காது கிழிஞ்சிடும்!”

“நான் அந்தப் பக்கமே போனதில்லை. என் காதுதான் எனக்கு மீட்டர்.”

கடைக்காரன் மைக் வைத்து அளந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் எல்லாவற்றையும் சமன் செய்தான். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு அவர் காதில் மாட்டிவிட்டான்.

அவர் முகம் செத்துப்போனது. “என்னய்யா பண்ணித் தொலைச்ச? பாட்டைக் கம்பளியால மூடிட்டியே!”

ஹெட்போனைக் கழற்றாமல் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மனைவி கடைக்காரன் பக்கம் குனிந்தாள்.

“பழையபடியே வச்சிடுப்பா. நான்தான் ஏத்தினேன். நாலு வருஷமா, அவர் குளிக்கப் போற நேரத்துல, மாசம் ஒரு புள்ளி. காது போறது தெரிஞ்சா வேலையை விட்டுடுவார். வேலை போனா மனுஷனே போயிடுவார்.”

“இதோ, ஏத்திடறேம்மா.”

“அதுவும் போதலைப்பா. போன மாசத்தோட கோடு முட்டிடுச்சு. அதுக்கு மேல ஏத்த ஏதாவது வழி இருக்கா?”